துணைவேந்தர் வீடு

துணைவேந்தர் வீடு என்று யார் சொன்னது உங்களுக்கு? முனைக் கடை ராசையாதானே? அவர் அப்படித்தான் சொல்வார். ஆட்டோக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் திருத்துவதில்லை. திருத்த ஆரம்பித்தால் முழுக் கதையையும் சொல்ல வேண்டிவரும். ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் பேச முடியாது.

நான் துணைவேந்தர் இல்லை. இருந்ததும் இல்லை. ஒரே ஒரு நாள் இருந்தேன், அதுவும் பிறர் வாயில். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

மாடி காலியாகத்தான் இருக்கிறது. கேட்டில் தொங்குகிற அட்டை என் மனைவி எழுதியது. சுகிர்தம் என்று பெயர். பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தவள். எழுத்தைப் பார்த்தீர்களா, அச்சடித்த மாதிரி இருக்கும். 'மாடி வாடகைக்கு' என்று மட்டும் எழுதியிருக்கிறாள். இன்னாருக்குத்தான் கொடுப்போம் என்று மற்ற வீடுகளில் எழுதுவார்களே, அதெல்லாம் அவளிடம் கிடையாது. ஆனால் சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்பது அவளுடைய துறை.

அவள் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். முழங்கால் ஆபரேஷனுக்குப் போனவள். நீங்கள் கேட்டைத் திறந்தபோதே போன் பண்ணினேன், மகள் பெர்சிஸ் எடுத்தாள். அம்மா நடைப்பயிற்சியில் இருக்கிறாள், முடித்ததும் கூப்பிடச் சொல்கிறேன் என்றாள். கூப்பிடுவாள். எனக்கும் அவளிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, எப்போது வருகிறாய் என்று. இதுவரை கேட்கவில்லை. இன்று கேட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

காப்பி சாப்பிடுகிறீர்களா? வேண்டாமா. சரி.

பாங்க் என்றீர்கள் இல்லையா? உங்கள் பாங்கில் மேலே போகிறவரை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. பரீட்சை வைப்பார்களாக இருக்கும். எங்கள் பல்கலைக்கழகத்தில் சட்டம் மிக எளிது. பழைய துணைவேந்தர் காலம் முடிந்து போனதும் ஒரு தேடுதல் குழு அமைப்பார்கள். அந்தக் குழு நாடெல்லாம் தேடி மூன்று பெயர்களை வேந்தரிடம் கொடுக்கும். வேந்தர் என்றால் கவர்னர். அவர் மூவரில் ஒருவரை நியமிப்பார். அவ்வளவுதான். தேடுதல் என்று சொல்கிறோமே தவிர, தேடப்படுகிறவர்கள் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு குழுவின் முன்னால் நிற்பார்கள். விண்ணப்பத்தை ஆய்வேடு மாதிரி பைண்டு பண்ணிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் யாரிடமும் விண்ணப்பித்தேன் என்று சொல்லக் கூடாது. 'என் பேரும் இருக்காம்' என்றுதான் சொல்ல வேண்டும். பெயர் தானாகவே எழுந்து நடந்து சென்னைக்குப் போய்விட்டதுபோல.

நான் அப்படி இரண்டு தடவை மூவரில் ஒருவனாக இருந்திருக்கிறேன். இரண்டும் வெளியூர்ப் பல்கலைக்கழகங்கள். இரண்டு தடவையும் கைக்கெட்டுகிற தூரம் வரைக்கும் வந்து தவறிப் போனது. அப்படி வருவதே பெரிய விஷயம். என்னுடைய துறை விலங்கியல், அதிலும் மரவட்டை. மழைக்காலத்தில் சுவரில் ஏறுமே, நீங்கள் துடைப்பத்தால் தள்ளிவிடுவீர்களே, அதுதான். அதற்கு ஆயிரம் கால் என்பார்கள். கிடையாது. ஆஸ்திரேலியாவில் பூமிக்கு அடியில் வாழும் ஒரு வகைக்குத்தான் ஆயிரத்துக்கு மேல் உண்டு. மற்றவற்றுக்குப் பெரும்பாலும் சில நூறுதான். தொட்டால் சுருண்டுகொள்ளும். அது பயத்தால் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அதை மறுத்து நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். மரவட்டைக்காரனை மூவரில் ஒருவனாக வைக்கிறார்கள் என்றால் தகுதி இல்லாமலா வைப்பார்கள்?

சுகிர்தத்துக்கு வேறு கருத்து. இரண்டாவது தடவை தவறியபோது அவள் என்னிடம், "உங்களை ஏன் எல்லாரும் கூப்பிடுறாங்க தெரியுமா? உங்களைப் பாத்தா யாருக்கும் பயம் வராது" என்றாள். நல்ல வார்த்தைதானே. நான் நன்றி சொன்னேன்.

மூன்றாவது தடவை சொந்தப் பல்கலைக்கழகம். அப்போது வணிகவியல் துறையில் இசக்கியப்பன் என்று ஒருவர் இருந்தார். என்னைவிட வயதில் சிறியவர், என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். துணைவேந்தர் நாற்காலியில் உட்காரவே பிறந்தவர். அதற்காக அவர் பார்க்காத ஆள் இல்லை, போகாத கல்யாணம் இல்லை. சென்னையில் யார் வீட்டில் எந்த நாய் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியும். ஒரு நாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"அண்ணாச்சி, உங்க பேரும் குடுத்திருங்க. நான் மனசாரச் சொல்லுதேன். நம்ம ரெண்டு பேருல யாருக்குக் கிடைச்சாலும் அது நம்ம ஊருக்குக் கிடைச்ச மாதிரி."

எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். போட்டியாளனே போட்டிக்கு அழைக்கிறார். வீட்டில் வந்து சுகிர்தத்திடம் சொன்னேன். அவள் தையல் மிஷினை நிறுத்தாமலே, "மூணு பேரு வேணும்ல" என்றாள். ஊசியில் நூல் அறுந்துவிட்டது, அதைக் கோக்கப் போய்விட்டாள்.

அந்த வருஷம்தான் அவளுடைய கால் மோசமானது. படி ஏற முடியவில்லை. தேவாலயத்தில் முழங்கால் போட முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்தே ஜெபம் பண்ணினாள். அவளுக்கு அது பெரிய அவமானம். கோயம்புத்தூரில் டாக்டர் பார்த்து, ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார். இரண்டு கால்களையும் ஒரே சமயத்தில் செய்துவிடலாம் என்றார். இங்கே கவர்னர் மாளிகையிலிருந்து, மூவரும் நேரில் வர வேண்டும் என்று தகவல் வந்தது. வழக்கமாக மூவரையும் கூப்பிட மாட்டார்கள், பெயரைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதோடு சரி. இந்தக் கவர்னர் புதியவர். வடக்கே எங்கேயோ பிறந்தவர், கப்பற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கவர்னர் என்று கேட்காதீர்கள், கவர்னர்கள் வருவார்கள், போவார்கள். விஷயம் என்னவென்றால் இரண்டு தேதியும் ஒன்றாக வந்துவிட்டன. அவளுக்குக் கோயம்புத்தூரில் ஆபரேஷன் நடக்கும் காலையில் நான் சென்னையில் இருக்க வேண்டும்.

நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவன் இல்லை. சமையலறைக்குப் போய் நேராகவே கேட்டேன், "நான் கோயம்புத்தூர் வரணுமா?" என்று. அவள் உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம். நீங்க வந்து என்ன செய்யப் போறீங்க. பெர்சிஸ் இருக்கா. நீங்க அங்க போங்க."

சரி என்றேன். அவளுடைய குணம் அது. எதையும் தெளிவாகச் சொல்லிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பெண்களை அப்படித்தான் ஆளாக்கினாள். நான் சரி என்ற பிறகும் கையில் இருந்த உள்ளியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். நான் போய் கோட்டு சூட்டை எடுத்து வெயிலில் போட்டேன்.

கவர்னர் மாளிகையில் காத்திருக்கும் அறையில் பெரிய பெரிய சோபாக்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். இசக்கியப்பன் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆள் ஒரு பெண்மணி, மனையியல் பேராசிரியை, அழகம்மை என்று பெயர், செட்டிநாட்டுப் பக்கம். எல்லோரும் அவரை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் வணக்கம் சொல்லி உட்கார்ந்ததும் பையிலிருந்து கைமுறுக்கு எடுத்துக் கொடுத்தார். கவர்னர் மாளிகையில் முறுக்கு கடிக்கலாமா என்று எனக்குத் தயக்கம். சத்தம் வருமே.

"சும்மா சாப்பிடுங்க சார். மூணு இலை போடணும்னு சட்டம். சாப்பிடப் போறவர் அங்க உக்காந்திருக்கார். நாம ரெண்டு பேரும் இலைக்குத் துணை" என்றார்.

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. தன்னம்பிக்கை இல்லாதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். இருந்தாலும் முறுக்கு நன்றாக இருந்தது.

முதலில் ஆச்சி உள்ளே போனார். சீக்கிரம் வந்துவிட்டார். என்னைப் பார்த்து ஒரு மாதிரியாகத் தலையசைத்துவிட்டுப் போனார். அடுத்து இசக்கியப்பன். அவரும் வந்தார், முகத்தில் வெற்றி, என் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு நான்.

கவர்னர் நெட்டையான ஆள். மேஜையில் ஒரு காகிதம்கூட இல்லை. என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். மரவட்டை என்றேன். அதனால் என்ன பயன் என்றார். உதிர்ந்த இலைகளைத் தின்று மண்ணாக்கும் என்றேன். பல்கலைக்கழகத்தில் உதிர்ந்த இலைகள் நிறைய இருக்கின்றன என்று கேள்விப்பட்டேன் என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

பிறகு சொன்னார்: "அந்த இருவரிடமும் ஒரே கேள்வி கேட்டேன். உங்களுக்குக் கொடுக்காவிட்டால் யாருக்குக் கொடுக்கலாம் என்று. இருவரும் உங்கள் பெயரைச் சொன்னார்கள்."

 இசக்கியப்பன் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். ஆச்சியின் பெயரைச் சொல்லியிருக்கலாம், அவருக்கு அமைச்சர் வீட்டில் உறவு உண்டு, உண்மையிலேயே வாய்ப்பு இருந்தவர். அவரை விட்டுவிட்டு என்னைச் சொல்லியிருக்கிறார். என் மீது அவ்வளவு மதிப்பு.

கவர்னர் கேட்டார்: "நான் இப்போதே கையெழுத்திடத் தயார். நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா?"

இந்த இடத்தில் நீங்கள் கவனிக்க வேண்டும். நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்? சொல்லாதீர்கள், எனக்குத் தெரியும். ஒரு பெரிய பதவியைக் கொண்டுவந்து நீட்டினால் முதல் தடவை கையை நீட்டுவதில்லை. இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரை இரண்டு பேர் கையைப் பிடித்து நாற்காலிக்கு இழுத்துக்கொண்டு போவார்கள், அவர் வர மறுப்பது போல நடப்பார். இன்றைக்கும் உண்டு. அந்தக் காலத்தில் பிஷப் பட்டம் கொடுக்க வந்தால், எனக்கு விருப்பமில்லை என்று லத்தீனில் சொல்லி மறுப்பதுதான் முறை என்பார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, கல்யாணப் பந்தியில் பாருங்கள். பாயசம் வரும்போது போதும் போதும் என்று இலைக்கு மேல் கையை வைப்பார்கள். விரல்களுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள். பரிமாறுகிறவனுக்கு அது தெரியும், ஊற்றுவான். தெரியாதவனைப் பந்திப் பக்கமே விடமாட்டார்கள்.

நான் சொன்னேன்: "என்னைவிடத் தகுதி வாய்ந்தவர்கள் இருக்கிறார்கள். பேராசிரியர் இசக்கியப்பனைத் தாங்கள் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

சரியான குரலில்தான் சொன்னேன். மிகவும் உறுதியாகவும் இல்லை, மிகவும் குழைவாகவும் இல்லை. இரண்டாவது தடவை கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் தயாராக வைத்திருந்தேன். 'தங்கள் விருப்பம் அதுவானால்' என்று ஆரம்பிக்கும். நல்ல வாக்கியம். ரயிலில் வரும்போது யோசித்தது.

கவர்னர் எழுந்து நின்றார். கை கொடுத்தார். "வெளிப்படையாகப் பேசினீர்கள். எனக்கு அது பிடிக்கும்" என்றார். அவ்வளவுதான்.

நான் வெளியே வந்து அதே சோபாவில் உட்கார்ந்தேன். தேநீர் கொடுத்தார்கள். மெதுவாகக் குடித்தேன். கூப்பிட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். தேநீர் ஆறிவிட்டது, அதன் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். கதவு ஒரு தடவை திறந்தது. கோப்பையை எடுக்க ஒருவர் வந்தார். சார், உங்கள் வண்டி எது என்று கேட்டார். வண்டி இல்லை, ஆட்டோவில் வந்தேன் என்றேன். எழுந்திருக்க அவரே கை கொடுத்தார்.

கவர்னரின் பிழை அது. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மனிதன் வேண்டாம் என்றால் இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்ற சாதாரண விஷயம் தெரியாமல் ஒருவர் எப்படி ஒரு மாநிலத்துக்குக் கவர்னராக இருக்க முடியும்? இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம் என்றுகூட நினைத்தேன். எந்தப் பத்திரிகைக்கு அனுப்புவது என்று தெரியவில்லை.

அதற்குள் இங்கே நடந்தது வேறு. அந்த மாளிகையில் வேலை பார்க்கிற யாரோ, கவர்னர் என்னிடம் கேட்டது வரைக்கும் காதில் வாங்கிக்கொண்டு, நான் பதில் சொன்னதைக் கேட்காமல் போனை எடுத்திருக்கிறார். நான் எழும்பூரில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தபோது இந்த ஊரில் நான் துணைவேந்தர். ராசையா கடை முன்னால் சரவெடி போட்டிருக்கிறார். வேட்டின் சத்தம் கேட்டு யார் இறந்தது என்று சிலர் விசாரித்தார்களாம். ஆட்கள் பொன்னாடையோடு வந்துவிட்டார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது, அவள் ஆஸ்பத்திரியில், நான் ரயிலில். கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகலாமா? கேட்டில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாள் காலையில் நான் வந்து பார்த்தபோது கேட் முழுக்கப் பொன்னாடை. சிவப்பு, பச்சை, ஜரிகை வைத்தது. வண்ணான் துறை மாதிரி இருந்தது.

மத்தியானம் டிவியில் சொல்லிவிட்டார்கள், இசக்கியப்பன் என்று. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்து தங்கள் துண்டை எடுத்துக்கொண்டு போனார்கள். புது இடத்தில் போட வேண்டும் அல்லவா. நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன், அவர்களுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று. எடுக்காமல் விட்டது ஒன்றுதான். அதோ டிவி மேல் கிடக்கிறதே, பச்சை, அது. யாருடையது என்று தெரியவில்லை. தூசிக்கு நல்லது.

அன்று சாயங்காலம் சுகிர்தத்தோடு பேசினேன். ஆபரேஷன் நன்றாக முடிந்துவிட்டது என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"கவர்னர் எத்தனை தடவை கேட்டார்?"

"ஒரு தடவைதான்."

சிரித்தாள். உடம்பு குலுங்கினால் காலில் தையல் வலிக்கிறது என்று நிறுத்திக்கொண்டாள். பிறகு, "அவரும் உங்கள மாதிரிதான்" என்றாள். கவர்னருக்கும் எனக்கும் என்ன ஒற்றுமை? அவர் கப்பற்படை, நான் விலங்கியல். மயக்க மருந்து முழுக்கத் தெளிந்திருக்காது.

இசக்கியப்பன் பதவியேற்ற கையோடு இங்கே வந்தார். இதே நாற்காலிதான், நீங்கள் உட்கார்ந்திருப்பது. என் காலைத் தொடக் குனிந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"அண்ணாச்சி, எனக்கு எல்லாம் தெரியும், கவர்னரே சொன்னாரு. கையில வந்தத எனக்கு விட்டுக் குடுத்திட்டீங்க. எங்க அப்பாகூட எனக்கு இதைச் செய்திருக்க மாட்டாரு."

என்ன சொல்வது? இல்லை, நான் இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தேன் என்றா சொல்வது? கேட் வரைக்கும் போய் வழியனுப்பினேன். நான் விட்டுக் கொடுத்த கதையை அவர் பட்டமளிப்பு விழாவில் சொன்னார். ஆசிரியர் சங்கத்தில் சொன்னார். ஒரு கல்லூரியில் என்னைத் தியாகம் என்ற தலைப்பில் பேசக் கூப்பிட்டார்கள், போய்ப் பேசினேன். பல்கலைக்கழகத்துக்கு ஆலோசகராக இருங்கள் அண்ணாச்சி என்று ஒரு நாள் கேட்டார். எனக்கு எதற்கு அதெல்லாம் என்றேன். தெரியும் அண்ணாச்சி, உங்களுக்குப் பதவி ஆசையே கிடையாது என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அவரும் அந்தக் கவர்னர் மாதிரியே ஆகிவிட்டார். நாற்காலியின் குணமாக இருக்கலாம்.

வருத்தமா என்று கேட்டால், வருத்தம் என்று சொல்ல முடியாது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதடு இருக்குமே, அப்படி. இருக்கிறது, தொட்டால் தெரிகிறது. ஆனால் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. நான் ஓய்வு பெற்றேன், அதுவும் அப்படித்தான் நடந்தது. மாலை போட்டார்கள், கழற்றினேன்.

சுகிர்தம் ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாளில் வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். பிசியோதெரபி என்றாள். அப்புறம் பேரனுக்குப் பரீட்சை என்றாள். அப்புறம் மழை. நடுவில் ஒரு தடவை வந்தாள், பெர்சிஸோடு காரில். நன்றாக நடக்கிறாள், பார்க்க சந்தோஷமாக இருந்தது. பீரோவில் இருந்து துணிகளை எடுத்தாள், பைபிளை எடுத்தாள், தையல் மிஷினைக் காரில் ஏற்றினாள். அங்கே சும்மா உட்கார்ந்திருக்க அவளால் முடியாது அல்லவா. போகும்போதுதான் அந்த அட்டையை எழுதி கேட்டில் கட்டினாள். வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கட்டும், உங்களுக்குத் துணை என்றாள். கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "நீங்களும் வாங்களேன்" என்றாள்.

"நான் எதுக்கு. இங்க யாரு பாக்குறது" என்றேன்.

கதவைச் சாத்திக்கொண்டாள். பெர்சிஸ் மட்டும் காரை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் போனில் அவள் என்னிடம், "அப்பா, அம்மா வேண்டாம்னு சொன்னாலும் ஆபரேஷன் அன்னைக்கு நீங்க வந்திருக்கலாம். ராத்திரியெல்லாம் வாசலயே பாத்துக்கிட்டு இருந்தாங்க" என்று சொன்னாள். நான் அவளுக்கு விளக்கினேன். அம்மாவிடம் நேராகவே கேட்டேன், அம்மா தெளிவாக வேண்டாம் என்று சொன்னாள், அவள் சொல்லை நான் மதித்தேன் என்று. பிள்ளைகளுக்கு இதெல்லாம் புரிய வயதாக வேண்டும்.

வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மறுபடியும் ஆள் தேடுகிறார்கள், பேப்பரில் பார்த்திருப்பீர்கள். என் பெயரும் இருக்கிறதாம். பார்ப்போம்.

இருங்கள், அவள்தான் கூப்பிடுகிறாள்.

ஹலோ. ஆமா. வந்திருக்காரு, இங்கதான் உக்காந்திருக்காரு. பாங்க்ல வேலையாம். ஆமா, குடும்பம் இருக்கு, சின்னப் பிள்ளையாம். சாவி எங்க வச்சே? எங்க? செருப்பு ஸ்டாண்டுலயா? சரி. நான் சாப்பிட்டேன். தோசை. ம். ம்... என்னது? ஓ. சரி, சொல்லுதேன். சுகிர்தம், கேக்கணும்னு இருந்தேன். நீ எப்ப வாற? ... ஓ. ... சரி. ... சரி, வை.

சாவி மாடிப்படிக்கு அடியில் செருப்பு ஸ்டாண்டில் இருக்கிறதாம், அவளுடைய பழைய செருப்புக்குள்ளே. அந்தச் செருப்பை நான் தினமும் பார்க்கிறேன். உள்ளே சாவி இருக்கும் என்று எப்படித் தெரியும்?

இன்னொன்றும் சொன்னாள். உங்களுக்கு வேண்டுமானால் கீழ் வீட்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாமாம். சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குவது கஷ்டம் என்கிறாள். அப்படியானால் நான் எங்கே இருப்பது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எப்போது வருகிறாய் என்று கேட்டேன், கேட்டது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். வரவில்லை என்றாள். எப்போதும் போலத் தெளிவாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுப் போனை வைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். அந்தப் பக்கம் மிஷின் சத்தம் கேட்டது, பெர்சிஸ் தைத்துப் பழகுகிறாள் போல. நான்தான் வை என்றேன்.

எழுந்துவிட்டீர்களே. மாடியைப் பாருங்கள், நல்ல காற்று வரும். நான் சாவியை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இல்லை, இருங்கள். உட்காருங்கள். வந்ததும் காப்பி வேண்டாம் என்றீர்கள், நானும் சரி என்று விட்டுவிட்டேன். அது முறை இல்லை. இன்னொரு தடவை கேட்கிறேன். காப்பி சாப்பிடுகிறீர்களா?